விடுமுறைக்கு ஒரு சிற்றூர்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சென்ற மாதம் செயலாளர் எங்கள் இல்லத்திற்கு வந்து, ஆண்டு விழாவில் பேசவேண்டும் என்று கேட்டார். இலக்கியம் பேச வல்லவர்கள் இக்குடியிருப்பில் பலர் இருக்க, எங்களை ஏன் அழைக்கிறீர்கள் என்று வினவினோம். "ஆண்டுதோறும் ஏதோ ஒரு மலையூருக்குப் போய் வருகிறீர்களே, அதைச் சொல்லுங்கள்; குடியிருப்பில் பாதிப் பேர் அதைத்தான் விசாரிக்கிறார்கள்" என்றார். ஆகவே கணவனும் மனைவியுமாக இருவரும் சேர்ந்து இவ்வுரையை எழுதினோம். படிப்பது ஒருவர்தாம் எனினும், பிழையிருந்தால் பழியில் இருவருக்கும் பங்குண்டு.

தலைநகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஒரு காலத்தில் ஒரே பொருள்தான். ஊருக்குப் போவது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலும், 1976-க்குப் பிறகு தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஏறி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டரைக் கடந்து, சென்னையில் இறங்கி, மீண்டும் ஒரு வண்டி பிடித்துப் போனோம். எந்த ஊருக்குப் போவது என்ற கேள்வி எழுந்ததே இல்லை. தாத்தா இருந்த ஊர் ஒன்று. பாட்டி பிறந்த ஊர் மற்றொன்று. திண்ணையில் படுத்துக்கொண்டு மின்சாரம் இல்லையே என்று முணுமுணுத்தபடி ஒரு மாதத்தைக் கழித்துவிட்டு, மாவடுவும் வடகமும் கட்டிக்கொண்டு திரும்புவோம்.

எங்கள் வீடு காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில் இருந்தது. தந்தையார் மறைந்தபின் 2009-ல் அதை விற்றுவிட்டு அன்னையாரை இங்கே அழைத்து வந்தோம். வாங்கியவர் வீட்டை இடித்து அடுக்கு மாளிகை கட்டிவிட்டார். இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்போருள் எத்தனை பேருக்கு இதே கதை என்று கேட்டுக் கைதூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

2018-ஆம் ஆண்டு எங்கள் மகள் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். இந்திப் பாடத்தில் 'எங்கள் கிராமம்' என்று ஒரு கட்டுரை எழுதப் பணித்தார்கள். எழுதினாள். ஆலமரம், ஏர் பூட்டிய காளைகள், கிணற்றடியில் நீர் மொள்ளும் பெண்கள் எல்லாம் அதில் இருந்தன. பத்துக்கு ஒன்பது மதிப்பெண். பாட்டிக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். "எந்த ஊரடி இது?" என்று பாட்டி கேட்டார். "எந்த ஊருமில்லை பாட்டி, வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்தது" என்றாள் குழந்தை. அன்றிரவு அன்னையார் சரியாக உண்ணவில்லை. அந்தக் கோடையில் எங்கேனும் ஒரு சிற்றூரில் பத்து நாள் குடும்பத்தோடு தங்கி வருவது என்று முடிவு செய்தோம்.

சுற்றிப் பார்ப்பது வேறு, தங்குவது வேறு. நான்கு நாளில் ஏழு இடங்கள் என்று வண்டியமர்த்திக்கொண்டு மலைநகரங்களைச் சுற்றிவருவோர் உண்டு. நாங்களும் ஒருமுறை அப்படிச் சுற்றியதுண்டு. ஏழு இடங்களிலும் வண்டி நிறுத்த இடம் தேடியதே நினைவில் நிற்கிறது. ஓரிடத்தில் பெட்டியை இறக்கிவைத்து, அதே வாசலில் பத்துக் காலை எழுந்திருந்து, அங்கிருந்து நடந்து போகத்தக்க இடங்களுக்கு மட்டும் போய்வருவதே குழந்தைகளுக்கு ஓர் ஊரை ஊராகக் காட்டும் வழி என்று எண்ணினோம். இந்த எண்ணம் சரியானதே. எண்ணத்தை நிறைவேற்றிய விதம்தான் முதல் ஆண்டில் பிழையாகிவிட்டது.

டில்லியில் இருப்பவர்க்கு இதற்குத் தோதான பகுதி குமாவோன் மலைகள் என்பது எங்கள் கருத்து. இரவு இங்கிருந்து புறப்படும் ராணிகேத் எக்ஸ்பிரஸ், குழந்தைகள் கண்விழிக்குமுன் காட்கோதாமை அடைந்துவிடுகிறது. 1884-ல் அங்கே வந்து சேர்ந்த இருப்புப் பாதை அதற்குமேல் ஏறவில்லை. நிலையத்துக்கு அப்பால் மலைதான். ஒரு சாலை நைனிதாலுக்கு ஏறும். மற்றொன்று பவாலிக்குச் செல்லும். பவாலியில் 1912-ல் நிறுவப்பெற்ற காசநோய் மருத்துவ இல்லம் உண்டு. கமலா நேரு 1934-35-ல் அங்கே சிகிச்சை பெற்றார். அந்நாளில் நேரு அல்மோரா சிறையில் இருந்தார். நோய்க்கு நேரான மருந்து இல்லாத காலத்தில் மலைக் காற்றையே மருந்தாகக் கொண்டார்கள். நவம்பர் மாதத்து டில்லிப் புகையில் மூக்கை மூடிக்கொண்டு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நாம் அதை எண்ணி நகைப்பதற்கில்லை.

பவாலியில் பாதை மறுபடி பிரிகிறது. ஒரு கிளை அல்மோராவை நோக்கிப் போகும். மற்றொரு கிளை பழத்தோட்டங்கள் நிறைந்த ராம்கர் வழியாக முக்தேசுவரத்துக்கு ஏறும். இந்த இரண்டு கிளைகளைச் சார்ந்த சரிவுகளில் சிற்றூர்களுக்குக் குறைவில்லை. வீட்டில் இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி விருந்தினரை ஏற்கும் 'ஹோம்ஸ்டே' முறைக்கு உத்தராகண்ட் அரசு 2018-ல் ஒரு திட்டமே வகுத்தது. ஆதலின் அறை கிடைப்பது அரிதன்று. எந்த அறை என்பதே கேள்வி.

நாங்கள் 2018 ஜூனில் எந்த அறையைத் தேர்ந்தோம்? சாளரத்தைத் திறந்தால் நந்தாதேவி தெரியும் என்று விளம்பரம் செய்த அறையை. 7,816 மீட்டர் உயரமுள்ள சிகரம் படுக்கையிலிருந்தே தெரியும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? முன்பணம் அனுப்பும்போது தொலைபேசியில் ஒன்று மட்டும் கேட்டோம். "வயதான தாயார் வருகிறார், வீடு எட்டுவது எளிதா?" "சாலையிலிருந்து சில படிகள்தாம்" என்றார்கள்.

போய் இறங்கியபின் எண்ணிப் பார்த்தோம். நூற்று நாற்பத்திரண்டு படிகள். கருங்கல்லை வாரிப் போட்டாற்போன்ற, ஒன்று முழங்கால் உயரம், ஒன்று சாண் உயரமான படிகள். எழுபத்தாறு வயதான அன்னையாரை நாற்காலியில் அமர்த்தி இரண்டு இளைஞர் தூக்கி ஏற்றினார்கள். கண்களை மூடிக்கொண்டு புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்தபடி அவர் வந்த காட்சியை எங்களால் மறக்க முடியவில்லை. பிறர் தோளில் ஏறி ஓரிடத்துக்குப் போவது என்றால் அவர் தலைமுறைக்கு வேறு பொருள். மேலே போனபின் பத்து நாளும் அவர் அந்த அறையை விட்டு இறங்கவில்லை, இறங்க முடியவில்லை. ஜூன் மாதப் புழுதியும் சமவெளியிலிருந்து எழும் வெப்பமூட்டமும், கீழ்ச்சரிவில் பைன் மரச் சருகுகள் எரிந்த புகையும் சேர்ந்து, நந்தாதேவி ஒரு நாளும் முகம் காட்டவில்லை. தண்ணீரோ, லாரியில் வந்து, கோவேறு கழுதையின் முதுகில் ஏறி, தலைக்கு அரை வாளியாக எங்களை வந்தடைந்தது. அந்தக் கோடையில் சிம்லா நகரமே தண்ணீரின்றித் தத்தளித்ததைச் செய்தித்தாள்களில் நீங்கள் படித்திருப்பீர்கள்.

நான்காம் நாள் அன்னையாரிடம் "எப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்டோம். "டில்லியிலும் சன்னலண்டை உட்கார்ந்திருப்பேன். இங்கேயும் சன்னலண்டை உட்கார்ந்திருக்கிறேன். அங்கே எதிர்வீட்டுக் கொடியில் துணியாவது தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது தைத்தது.

பனிமலை ஒரு பக்கம் இருக்கட்டும். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்பத்தில் யாருடைய கால்களுக்காகத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும் என்று அங்கே உணர்ந்தோம். திடகாத்திரமானவர்கள் எங்கும் இருந்துகொள்வார்கள். பாட்டியும் நான்கு வயதுப் பேரனும் யார் துணையுமின்றி வாசலுக்கு வந்து, பத்தடி சமதரையில் நடந்து, அண்டைவீட்டு வாசலை எட்ட முடியுமா? முடிந்தால் அது தங்கத்தக்க ஊர். மலைநாட்டில் சமதரை என்பது பொன்னுக்கு நிகர். அதனால்தான் அங்குள்ள முற்றங்கள் அவ்வளவு சிறியனவாகவும் அவ்வளவு துப்புரவாகவும் இருக்கின்றன.

அடுத்தது தண்ணீர். குமாவோன் சிற்றூர்களில் 'நௌலா' என்று ஒன்று உண்டு. மலைச்சரிவில் கசியும் ஊற்றைச் சுற்றிப் படிப்படியாகக் கல்லடுக்கிக் குழியாக்கி, மேலே கல் கூரை போட்டு, சின்னஞ்சிறு கோயிலைப்போலக் கட்டியிருப்பார்கள். நம் ஊர்க் கேணிக்கு உடன்பிறப்பு எனலாம். வீட்டுக்காரரிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நௌலாவிலிருந்தோ ஊர்க்குழாயிலிருந்தோ வருகிறது என்றால் நன்று. லாரியில் வருகிறது என்றால், நாம் குளிக்கும் தண்ணீர் யாரோ ஒருவர் குடிக்காத தண்ணீர் என்று தெரிந்துகொள்ளலாம். இமயமலைப் பகுதியின் ஊற்றுகளில் ஏறத்தாழப் பாதி வற்றி வருகின்றன என்று நிதி ஆயோக் 2018-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது. கருவாலி மரக்காடு உள்ள சரிவில் ஊற்று நிலைக்கும் என்றும், பைன் மட்டுமே நிற்கும் சரிவில் வற்றும் என்றும் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மரத்தை அவர்கள் 'பாஞ்ச்' என்கிறார்கள். வீட்டுப் படத்தைப் பார்க்கும்போது பின்னால் நிற்கும் மரம் எது என்றும் பாருங்கள்.

கழிப்பறை மேனாட்டு முறையிலா, இரவில் முற்றத்தைக் கடந்து போகவேண்டுமா என்பதைக் கூச்சமின்றிக் கேட்டுவிட வேண்டும். பால், காய்கறிக்குக் கடை அருகில் உண்டா, மருத்துவர் எங்கே என்பனவும் அப்படியே. பெரிய சிகிச்சை வேண்டுமானால் அங்குள்ளோரும் ஹல்த்வானிக்குத்தான் இறங்குகிறார்கள். ஆகவே இருதய நோயாளிகள் இருக்கும் வீட்டார் ஒரு மணி நேரத்துக்குமேல் உள்ளே போகாதிருப்பது நலம். தொலைபேசி அலை வருமா என்று எங்கள் மகள் கேட்கச் சொன்னாள், கேட்டோம், வரவில்லை என்ற ஊரையே விரும்பினோம், வாக்கெடுப்பில் தோற்றோம்.

இனி இரண்டாம் ஆண்டின் கதைக்கு வருவோம். 2019-ல் மறுபடி தேடத் தொடங்கியபோது விளம்பரங்களை நம்புவதில்லை என்று உறுதி செய்திருந்தோம். அப்படியானால் யாரைக் கேட்பது? விடை எங்கள் வாயிலிலேயே நின்றுகொண்டிருந்தது. நம் குடியிருப்பின் இரவுக் காவலர்களில் ஒருவர் அந்த மலைநாட்டவர் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். பதினோரு ஆண்டுகளாக அவருக்குக் காலை வணக்கம் சொல்லி வந்தோம். ஊர் எது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டபோது அவர் சொன்னது இது: "எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அம்மாவுக்கு ஆகாது. ஒரு மைல் ஏற்றம். என் தமக்கையின் வீடு ராம்கருக்கும் முக்தேசுவரத்துக்கும் இடையில் இருக்கிறது. வாசலிலேயே பேருந்து நிற்கும். பனிமலை தெரியாது, எதிர்மலை மறைத்துக்கொண்டிருக்கிறது." இருக்கும் குறையைக் கேளாமலே சொன்ன முதல் மனிதர் அவர்தாம். அன்றே தீர்மானித்துவிட்டோம்.

அந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஊர். இந்த மண்டபத்தில் உள்ளோர் அனைவரும் அடுத்த விடுமுறைக்கு அங்கே படையெடுத்தால் அது ஊராக இராது. தவிர, அவ்வீட்டு அம்மையார் எங்களை மன்னிக்கமாட்டார்.

2019 அக்டோபரில் தசரா விடுமுறையோடு சில நாள் சேர்த்துக்கொண்டு போனோம். சாலையிலிருந்து மூன்றே படிகள். சுற்றிலும் ஆப்பிளும் பிளமும் பேரியும் நிற்கும் படிவரிசைத் தோட்டம். வீட்டில் வயதான கணவனும் மனைவியும், ஒரு மருமகளும், இரண்டு பேரப்பிள்ளைகளும். மகன்கள் இருவரும் டில்லியில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுள் ஒருவர் இருப்பது நம் குடியிருப்பிலிருந்து மூன்றாவது பேருந்து நிறுத்தத்தில். குமாவோன், கட்வால் மலைநாடுகளை 'மணியார்டர் பொருளாதாரம்' என்று வழங்குவதுண்டு. வெளியூர் போன பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் ஊர்கள் வாழ்ந்தன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின் ஆளில்லாமல் போன ஊர்கள் 734 என்று உத்தராகண்டின் குடிபெயர்ச்சி ஆணையம் 2018-ல் கணக்குக் காட்டியது. மணியார்டர் எழுதிய தலைமுறை நம் வீடுகளிலும் இருந்ததே. அந்த முதியவரோடு திண்ணையில் அமர்ந்து, மகன் தீபாவளிக்கு வருவானா, விடுப்புக் கிடைக்குமா என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது, எங்கள் தந்தையார் எங்களைப் பற்றி யாரிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாரோ என்று தோன்றியது.

உணவைப் பற்றித் தாய்மார்கள் கேட்பீர்கள். முதல்நாள் இரவு ஒரு பருப்புக் குழம்பு வந்தது, பெயர் 'கஹத்'. அன்னையார் ஒரு வாய் வைத்ததும், "கொள்ளு!" என்றார். கொள்ளேதான். ரொட்டி 'மண்டுவா' என்றார்கள். அது நம் கேழ்வரகு. 'ஜங்கோரா' என்று பாயசம் வைத்தார்கள். அது நம் குதிரைவாலி. டில்லிக் கடைகளில் விலையுயர்ந்த பொட்டலங்களாக இப்போது நாம் வாங்குபவற்றை அவர்கள் பழைய ஏழைச் சாப்பாடு என்று சற்று வெட்கத்தோடு பரிமாறினார்கள். விருந்தினருக்குச் சப்பாத்தியும் பனீரும் செய்யவேண்டும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் உண்பதையே எங்களுக்கும் இடுங்கள் என்று முதல்நாளே சொல்லிவிடுவது நல்லது.

அன்னையாருக்கு இந்தி தெரியாது. அந்த வீட்டுப் பெண்மணிக்குக் குமாவோனியும் இந்தியும் அன்றி வேறு தெரியாது. பேரப்பிள்ளைகள் எங்கள் அன்னையாரை "ஆமா, ஆமா" என்று அழைத்தார்கள். குமாவோனியில் பாட்டிக்கு அதுவே பெயர். "நான் ஒன்றும் சொல்லாமலே எதற்கு எல்லாரும் ஆமாம் போடுகிறார்கள்?" என்று அவர் இரண்டு நாள் திகைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை நிகழ்ந்ததை மட்டும் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் அவர்கள் வீட்டு வாயிற்படியைக் காவிமண் பூசி மெழுகியிருந்தார்கள். அம்மையார் அரிசியை ஊறவைத்து அம்மியில் அரைத்துக் கரைத்துக் கொண்டுவந்து, வலக்கையின் கடைசி மூன்று விரல்களை அதில் தோய்த்து, சிவந்த தரையில் வெள்ளைக் கோடுகளை இழுக்கத் தொடங்கினார். 'ஐபண்' என்று அதற்குப் பெயர். சன்னலண்டை அமர்ந்திருந்த எங்கள் அன்னையார் எழுந்தார். எவரையும் அழைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, படியருகே மெல்லக் கீழே அமர்ந்து, ஒரு துணுக்குத் துணி கேட்டார். கொடுத்தார்கள். அதை மாவில் நனைத்து விரல்களுக்குள் அடக்கிப் பிழிந்து, மோதிர விரல் வழியே மாவு ஒழுக, காவி தீட்டிய தரையில் எங்கள் ஊர் வாசலில் மார்கழியில் போடும் மாக்கோலத்தைப் போட்டார். துணியால் கோடு இழுக்கலாம் என்பதை அந்த அம்மையார் அன்றுதான் கண்டார்போலும். வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு தம் பங்குக்கு, கையை முட்டியாக மடக்கி மாவில் தோய்த்து, அதன் பக்கவாட்டைத் தரையில் பதித்து, மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்து, இலக்குமியின் பாதம் என்று காட்டினார். எங்கள் அன்னையார் உரக்கச் சிரித்துவிட்டார். கோகுலாட்டமிக்குக் கண்ணன் பாதம் போடுவதும் அதே முட்டியால்தானே! இருவரும் வாயிலிலிருந்து அடுக்களை வரையில் பாதங்களாகவே பதித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் அழைத்தது கண்ணனை. மற்றவர் அழைத்தது இலக்குமியை. எங்கள் மகள் கூடவே மாவுக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் பாட்டி கோலம் போட்டு அதுவரை அவள் பார்த்ததில்லை. எங்கள் டில்லி வீட்டில் வாசல் என்பது மூன்றாம் மாடியில் உள்ள ஒரு கதவு.

சுற்றுப்புறத்தில் காணத்தக்கவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். ராம்கரில் தாகூர் 1914-ல் தங்கிய குன்று இருக்கிறது. இந்திக் கவிஞர் மகாதேவி வர்மா கோடைகளில் வந்திருந்து எழுதிய வீடும் அங்கே உண்டு. முக்தேசுவரத்தில் 1893 முதல் இயங்கிவரும் கால்நடை ஆராய்ச்சிக் கூடமும் பழைய சிவன் கோயிலும் உள்ளன. கௌசானி புகழ்பெற்றது, காந்தியடிகள் 1929-ல் தங்கிய இடம், கவிஞர் சுமித்ரானந்தன் பந்த் பிறந்த ஊர். அவருக்கு 1968-ல் ஞானபீடப் பரிசு பெற்றுத்தந்த நூலின் பெயர் 'சிதம்பரா' என்பதை நினைத்து நாம் மகிழ்ந்துகொள்ளலாம். ஆனால் ராம்கர்ப் பக்கம் தங்கியிருப்பவர் கௌசானிக்குக் காலையில் போய் மாலையில் திரும்ப எண்ணவேண்டாம். படத்தில் அருகாகத் தோன்றும். வளைவுகளில் குழந்தைகளின் வயிறு வேறு கணக்குச் சொல்லும். தங்கும் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குமேல் வண்டியில் போகவேண்டிய எதையும் எங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். அந்தியில் குழந்தைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுங்கள். சிறுத்தை நடமாடும் காடுகள் அவை. நாயைக்கூட இரவில் உள்ளே கட்டுகிறார்கள்.

பருவத்தைப் பற்றி ஒரு சொல். பள்ளி விடுமுறை கோடையில்தான் நீளம். ஜூன் மாதத்தில் பழங்கள் கிடைக்கும், மலை தெரியாது, தண்ணீர் குறையும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு, வேண்டா. அக்டோபரில் வானம் துலக்கமாக இருக்கும் என்பது பொதுவிதி. ஆனால் அந்த விதிக்கும் விலக்கு உண்டு என்பதை 2021-ல் கண்டோம்.

2020-ல் எவரும் எங்கும் செல்லவில்லை. 2021 வசந்தத்தில் எங்கள் அன்னையார் காலமானார். அவ்வாண்டு அக்டோபர் 17-ஆம் தேதி அந்த ஊருக்குப் போய்ச்சேர இடம் பதிவு செய்திருந்தோம். அறைகளுக்கு வேறு விருந்தினர் இல்லை. நோய்க்காலத்தில் ஒன்றரை ஆண்டுகளாக அவ்வீட்டாருக்கு அந்த வருமானமே இல்லை. புறப்படவேண்டிய 16-ஆம் தேதி மாலை அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். "வானிலை எச்சரிக்கை வந்திருக்கிறது. வானத்தின் நிறம் எனக்கும் பிடிக்கவில்லை. வரவேண்டாம்" என்றார். 18, 19 தேதிகளில் முக்தேசுவரத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 340.8 மில்லிமீட்டர் மழை பெய்தது. 1897-ல் அங்கே வானிலை நிலையம் ஏற்பட்ட நாள்முதல் ஒரே நாளில் அவ்வளவு பெய்ததில்லை. ராம்கர்ப் பக்கத்துச் சாலைகள் பல அறுந்தன, உயிர்களும் போயின. அவ்வீட்டாரின் தோட்டத்தில் இரண்டு படிவரிசைகள் மரங்களோடு சரிந்து பள்ளத்தாக்கில் விழுந்தன. நான்கு நாள் கழித்தே அவர்களோடு பேச முடிந்தது. "நீங்கள் வந்திருந்தால் இந்தச் சாலையில்தான் அகப்பட்டிருப்பீர்கள்" என்று மட்டும் சொன்னார். முன்பணத்தை அந்த ஆண்டின் இறுதியில் அவர் மகன் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். வாங்க மறுத்ததில் சிறிது வாக்குவாதம் ஆயிற்று. வரவேண்டாம் என்று சொல்லக்கூடிய வீட்டைத் தேடுங்கள் என்று உங்களுக்குச் சொல்வதற்கு எங்களுக்கு உரிமை வந்தது அப்படித்தான்.

2022 முதல் ஆண்டு தவறாமல் போய்வருகிறோம். வாடகையில் பேரம் பேசுவதில்லை. நெகிழிப் பைகளைத் திருப்பி எடுத்துவந்துவிடுகிறோம். அவற்றை வாரிப்போக அங்கே வண்டி வருவதில்லை. மலைக்கு ஏறும்போது மகன்களுக்கு எழுதிய கடிதம்போல அவர்கள் வீட்டு மூட்டையையும், இறங்கும்போது ஆப்பிள் பெட்டிகளையும் சுமந்து வருகிறோம். மூன்றாவது பேருந்து நிறுத்தத்தில் இறங்கி அந்தப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டுத்தான் வீடு சேர்வது.

போக விரும்புவோர்க்கு இறுதியாக ஒன்று. ரயிலில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாளுக்கு முன்னரே தொடங்குகிறது. தசராவுக்குப் போக எண்ணுவோர் ஆகஸ்டிலேயே நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள். ரயில் கிடைத்தபின் வீடு தேடவேண்டாம். வீட்டாரோடு பேசி முடித்தபின் ரயிலைத் தேடுங்கள். படிகளை எண்ணிச் சொல்லும்படி கேளுங்கள்.

எங்கள் மகன் 2024-ல் ஐந்தாம் வகுப்புக்கு வந்தான். அவனுக்கும் இந்திப் பாடத்தில் 'எங்கள் கிராமம்' வந்தது. எந்த ஊரை எழுதுவது என்று எங்களிடம் வந்து கேட்டான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவனே போய் எழுதினான். பாட்டியின் ஆற்றங்கரை ஊரில் பாதி, மலையூரில் பாதி. இரண்டுக்கும் நடுவே வாசலில் மாவுப் பாதங்கள். பத்துக்கு ஆறு கிடைத்தது. ஒரு கிராமத்தைத்தான் எழுதச் சொன்னோம் என்று ஆசிரியை சிவப்பு மையில் குறித்திருந்தார்.

நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னாலிருந்து சைகை காட்டுகிறார்கள்.